கண்டிக் கத்தோலிக்க வரலாற்றெழுத்தில் கோயிற்பிள்ளை: ஒரு விமரிசன நோக்கு

ஈழத்துக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் குருமாரையும் ஆயர்களையுமே கால அளவைகளாகக் கொண்டுள்ளனர். இன்னார் வந்தார், இன்ன கோயிலைக் கட்டினார், இன்ன ஆண்டிற் காலமானார் என்ற முறையில் அவ்வரலாறு நகர்கின்றது. ஒருவர் மறைந்து மற்றொருவர் வருமளவும் உள்ள இடைக்காலம் வெற்றிடமாக விடப்படுகின்றது. அவ்விடைக்காலத்திற் கோயிலின் திறப்பு யார் கையில் இருந்தது, மணியை அடித்தவர் யார், பீடத்துணிகளைத் துவைத்து மடித்து வைத்தவர் யார், ஏட்டைப் பூச்சி அரிக்காமற் காத்தவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. கண்டிப் பிரதேசத்தைப் பொறுத்தவரையில் இவ்வினாக்களை ஒதுக்கிவிட்டு வரலாறு எழுதுதல் இயலாது. ஏனெனில், அங்கே அந்த இடைக்காலங்கள் சில மாதங்களாக அன்றிப் பல ஆண்டுகளாகவும், ஒரு சந்தர்ப்பத்திற் பல தசாப்தங்களாகவும் நீண்டிருந்தன.

இப்பணியைச் செய்பவரைத் தமிழகக் கத்தோலிக்கர் கோயிற்பிள்ளை என்பர். ஈழத்தில் இதனோடு ஒட்டிய பொறுப்புக்கள் மூப்பர், அண்ணாவியார், உபதேசியார் எனப் பல பெயர்களால் வழங்கின. மூப்பர் கோயிலின் உடைமைகளையும் மக்களின் ஒழுங்கையும் கவனித்தார். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக் கொடுத்து வழிபாட்டை முன்னின்று நடத்தினார். திருவுடைகள், பாத்திரங்கள், எண்ணெய், திரி, அப்பம், திராட்சை இரசம் ஆகியவற்றைப் பேணியவர் கோயிற்பிள்ளை. பெரிய பங்குகளில் இவை வெவ்வேறு கைகளில் இருத்தல் கூடும். சிறிய ஊர்களில் ஒருவரிடமே இவையெல்லாம் சேர்ந்திருத்தலும் இயல்பே. இக்கட்டுரையிற் கோயிற்பிள்ளை என்னும் சொல், ஊதியம் கருதாது கோயிலைக் காத்தவர் என்னும் விரிந்த பொருளிலேயே ஆளப்படுகின்றது.

வரலாற்றுப் பின்னணி

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதோடு ஒல்லாந்தர் இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தனர். கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் கட்டளையும் அவ்வாண்டிலேயே பிறப்பிக்கப்பட்டது. அதன் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கத்தோலிக்கர் குருவின்றி வாழ்ந்தனர். 1687இற் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்தபோது அவர் புதிதாக ஒரு சமயத்தைப் பரப்பவில்லை. ஏற்கெனவே மறைவில் வாழ்ந்து கொண்டிருந்த ஒரு சமூகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். தேடுவதற்கு ஒரு சமூகம் எஞ்சியிருந்தது என்பதே இங்கு ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தியாகும். குருவில்லாத முப்பது ஆண்டுகளிற் செபங்களை மறவாது அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்களும், சிலுவைகளையும் செபமாலைகளையும் மறைத்துக் காத்தவர்களும் இல்லையெனின் வாஸ் முனிவரின் வருகை பயனற்றதாயிருக்கும்.

1692இல் அவர் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் இரண்டாம் விமலதர்மசூரியனால் அவர் சிறை வைக்கப்பட்டார். சிறையிருந்த காலத்திலேயே சிங்களம் பயின்றதும், சிறிய குடில் ஒன்றை அமைத்து வழிபாடு நடத்தியதும், பின்னர் மன்னனின் பாதுகாப்பைப் பெற்றதும், 1697இல் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைப் பேணியதும் பலரும் அறிந்தவை. 1711 சனவரி 16இற் கண்டியிலேயே அவர் காலமானார். 1995இற் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் நிலையும், 2015இற் புனிதர் நிலையும் வழங்கப்பட்டன.

ஆனால் கண்டியிற் கத்தோலிக்கருக்குக் கிடைத்த அரச பாதுகாப்பு நிலைக்கவில்லை. 1739 முதல் 1747 வரை ஆண்ட ஸ்ரீ விஜய இராஜசிங்கனின் காலத்திற் குருமார் வெளியேற்றப்பட்டனர். கண்டியிலிருந்த கோயிலும் அழிக்கப்பட்டது. கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தர் காலச் சட்டத் தடைகள் கரையோரத்தில் 1806இல் ஆங்கிலேயரால் நீக்கப்பட்டன. கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆகவே, குருமார் வெளியேற்றத்திற்கும் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே இரண்டு தலைமுறைகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கின்றது. மாத்தளைப் பகுதியில் உள்ள வஹகோட்டை இக்காலத்திற்குச் சிறந்த சான்றாகும். போர்த்துக்கேய வழித்தோன்றல்கள் எனக் கருதப்படும் அவ்வூர் மக்கள் நீண்டகாலம் குருவின்றியே தம் சமய அடையாளத்தைக் காத்து வந்தனர். இன்று அது புனித அந்தோனியார் திருத்தலமாக விளங்குகின்றது. யாத்திரிகர் வணங்கும் திருச்சுரூபத்தை அனைவரும் அறிவர். அத்தகையவற்றைக் காத்த கைகளை அறிவார் அரியர்.

வாழ்க்கை வரலாறு என்னும் வடிவம்

இம்மறதிக்கு எழுத்தாளர்களின் தனிப்பட்ட அசட்டையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. அவர்கள் கையாண்ட இலக்கிய வடிவமே இதற்கு முதற் காரணமாகும். வாஸ் முனிவரைப் பற்றிய முதல் விரிவான வாழ்க்கை வரலாற்றைக் கோவா ஓரத்தோரியச் சபையினரான செபஸ்தியாவோ தொ றேகோ போர்த்துக்கேய மொழியில் எழுதினார். அது 1745இல் லிஸ்பனில் வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டில் யேசு சபைக் குருவான எஸ். ஜீ. பெரேரா மூல ஆவணங்களை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் இத்துறையில் இன்றும் அடிப்படையானவை. இவ்விருவரது உழைப்பும் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. எனினும், புனிதர் வரலாறு என்பது ஒருவரை நடுவில் நிறுத்தி ஏனையோரை அவருடைய புண்ணியத்திற்குச் சாட்சிகளாக ஆக்கும் வடிவம் ஆகும். அவ்வடிவத்திற்குள் நுழையும் எவரும் தமக்கென ஒரு வரலாறு உடையவராக நிற்றல் அரிது.

அவ்விருவருக்கும் மூலமாய் அமைந்த ஓரத்தோரியக் கடிதங்களும் இத்தகையனவே. அவை கோவாவிலிருந்த மேலாளருக்கு எழுதப்பட்டவை. திருமுழுக்குப் பெற்றோர் எத்தனை பேர், திருமணங்கள் எத்தனை, இன்னும் எத்தனை குருமார் தேவை என்பனவற்றை அறிவித்தலே அவற்றின் நோக்கம். குரு வரும்வரை யாவும் எவ்வாறு நடந்தன என்பதை விவரித்தல் அக்கடிதங்களின் தேவைக்கு அப்பாற்பட்டது. மேலும், குருமார் தேவை என வற்புறுத்தும் கடிதம் குருவின்றியும் ஊர் இயங்குகின்றது எனச் சொல்வதற்குத் தயங்குதல் இயல்பு. ஒரு மூலத்தின் மௌனத்தை மதிப்பிடும்போது அம்மூலம் யாருக்கு, எதற்காக எழுதப்பட்டது என்பதை முதலில் வினவுதல் வேண்டும் என்னும் விமரிசன விதி இங்கு நன்கு பொருந்துகின்றது.

கோவாவிலிருந்து வாஸ் முனிவருடன் வந்த யோவான் என்னும் பணியாளின் நிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். உழவுத் தொழில் செய்யும் குன்பிச் சமூகத்தைச் சேர்ந்தவர் எனக் கூறப்படும் இவர், முனிவரின் அலைச்சலிலும் சிறைவாசத்திலும் உடனிருந்தார். ஊர்தோறும் நடந்து செல்லும் ஒரு குருவுக்குத் திருப்பலிக்குரிய பொருட்களைச் சுமக்கவும், இரவிற் பீடம் அமைக்கவும், விடியுமுன் தடயமின்றி எடுத்து வைக்கவும் துணை ஒன்று வேண்டும் என்பது வெளிப்படை. ஆயினும் வரலாற்றில் இவர் விசுவாசமுள்ள பணியாள் என்னும் அடைமொழியோடு நின்றுவிடுகின்றார். வாஸ் முனிவர் சேர்ந்திருந்த கோவா ஓரத்தோரியச் சபை பிராமணர்க்கு மட்டுமே உரியதாக அமைந்திருந்தது. ஆகவே எவ்வளவு பக்தியும் ஆற்றலும் உடையவராயினும் யோவான் அச்சபையில் ஓர் உறுப்பினராதல் இயலாது. பணியாள் என்னும் சொல் ஒரு நற்பண்பைக் குறிப்பதோடு ஒரு சமூக எல்லையையும் குறித்து நின்றது. பணிவு எனப் போற்றப்படுவது எவ்விடத்தில் மனமுவந்த தெரிவு, எவ்விடத்தில் வேறு வழியின்மை என்பதை வேறுபடுத்திக் காணாத வரலாறு அரைகுறையானதே.

வாசிப்பதற்கென எழுந்த நூல்கள்

கடிதங்கள் தராத செய்தியை இலக்கியங்கள் தருதல் கூடும். 1705இல் இலங்கைக்கு வந்து 1742இற் காலமான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழ் மக்களிடையே சாங்கோபாங்க சுவாமி என வழங்கப் பெற்றவர். 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்கனின் கண்டி அரசவையில் மதிப்புப் பெற்றிருந்த இவர், சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை இயற்றினார். தேவ அருள் வேத புராணம், வியாகுலப் பிரசங்கம், சுவிசேஷ விரித்துரை என்பன அவருடைய தமிழ் நூல்களுட் குறிப்பிடத்தக்கவை. ஈழத்துத் தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் இவரது மொழிநடை, வடசொற் கலப்பு, வாக்கிய அமைப்பு முதலியவற்றை நோக்கியுள்ளனர். அவ்வாராய்ச்சி பயனுடையதே. ஆயினும், இந்நூல்கள் யாரால், எங்கே, எந்நிலையில் வாசிக்கப்படுவதற்கு எழுதப்பட்டன என்னும் வினா உரிய அளவு எழுப்பப்படவில்லை.

சுவிசேஷ விரித்துரை ஞாயிறுகளுக்கும் திருநாட்களுக்கும் உரிய நற்செய்திப் பகுதிகளின் விளக்கமாகும். குரு இருக்கும் கோயிலில் அவரே பிரசங்கம் செய்வார். எழுதப்பட்ட விளக்கம் அங்கு இன்றியமையாததன்று. குரு இல்லாத கோயிலிலேயே அது தேவைப்படுகின்றது. வியாகுலப் பிரசங்கமோ தவக்காலத்திற் கிறிஸ்துவின் பாடுகளைப் பகுதி பகுதியாகக் கூட்டத்தின் முன் உரத்து ஓதுவதற்கு அமைந்தது. வடபுலத்திலும் மன்னாரிலும் அம்மரபு இன்றளவும் வாழ்கின்றது. எனவே இந்நூல்கள் தனியொருவர் மௌனமாகப் படிப்பதற்கு எழுந்தவை அல்ல. ஒருவர் நின்று வாசிக்க, ஊர் கூடிக் கேட்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அவற்றின் அமைப்பிலேயே உள்ளது. மூச்சுக்கு இடந்தரும் நீண்ட அடுக்கு வாக்கியங்கள், மீண்டும் மீண்டும் வரும் விளிகள், உணர்ச்சி படிப்படியாக உயரும் போக்கு ஆகியவை எழுத்து நடையின் பண்புகள் என்பதிலும் பார்க்க, வாசிப்போனின் குரலைக் கருதிச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் எனக் கொள்ளுதலே பொருத்தமாகும்.

இவ்வாறு நோக்கின், கொன்சால்வெஸ் அடிகளின் தமிழ் உரைநடையில் அண்ணாவியாரும் கோயிற்பிள்ளையும் மறைமுகமாகப் பங்கு பெற்றுள்ளனர் என்பது புலனாகும். எழுத்தறிவு உடைய ஒருவர் ஊரில் இருக்கின்றார், அவர் ஏட்டைப் பொறுப்பாக வைத்திருப்பார், குறித்த நாளிற் கோயிலைத் திறந்து விளக்கேற்றி வாசிப்பார் என்னும் நம்பிக்கை இல்லாத ஆசிரியர் ஒருவர் இத்தகைய நூல்களை எழுதியிருக்க மாட்டார். ஓலைச் சுவடியோ தன்னியல்பில் நிலைப்பதன்று. எண்ணெய் பூசி, புகையூட்டி, ஈரத்தினின்று காத்து, சிதையுமுன் பெயர்த்தெழுதினாலன்றி அது ஒருசில தலைமுறைகளுக்குள் அழிந்துவிடும். நூல் நமக்குக் கிடைத்தது என்னும் உண்மைக்குப் பின்னால், பெயர் எழுதப்படாத காவலர் வரிசை ஒன்று நிற்கின்றது. இலக்கிய வரலாறு அவர்களை ஏற்றுக்கொள்ளாதவரை அது ஆசிரியர் பட்டியலாகவே இருக்கும்.

இவ்விடத்திற் பேராதனைக்கு நெருங்கிய ஓர் ஒப்பீடு பயன்தரும். அண்ணாவியார் என்னும் சொல் ஈழத்தமிழரிடையே நாட்டுக்கூத்தைப் பழக்குபவரையும் குறிக்கும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்துக்களைப் புத்தாக்கம் செய்து மேடையேற்றியதும், மன்னார்க் கத்தோலிக்க நாடக ஏடுகள் பலவற்றைப் பதிப்பித்ததும் தமிழாராய்ச்சியின் சிறந்த சாதனைகளாகும். அவற்றின் பயனாக, எழுத்துக்கு அப்பால் அதனைச் சுமந்து வந்த கூத்து அண்ணாவியாரும் ஓர் அறிவாளி, கலைஞர் என்னும் உண்மையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே பெயரைத் தாங்கிய கோயில் அண்ணாவியாருக்கு அத்தகைய ஏற்பு இன்னும் கிட்டவில்லை. கூத்து கலையாகக் கொள்ளப்பட்டது. கோயிற் பணி பக்தியாகக் கொள்ளப்பட்டது. பக்தி எனப் பெயரிட்டவுடன் அதிலுள்ள பயிற்சியும் நினைவாற்றலும் முறைமையும் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டவையாகி விடுகின்றன.

பட்டமும் வேலையும்

கோயிற்பிள்ளையின் தொழிலில் உள்ள அறிவு சாதாரணமானதன்று. திருவழிபாட்டு ஆண்டின் ஓட்டத்தை அவர் அறிந்திருத்தல் வேண்டும். திருவருகைக் காலத்திற்கும் தவக்காலத்திற்கும் ஊதா, நத்தாருக்கும் உயிர்ப்புப் பெருவிழாவிற்கும் வெள்ளை, மறைசாட்சியர் நாட்களுக்குச் சிவப்பு, பொதுக்காலத்திற்குப் பச்சை என உடைகளை மாற்ற வேண்டும். திருவுடலும் திருஇரத்தமும் பட்ட துணிகளை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தல் ஆகாது. முதல் நீரை மரியாதைக்குரிய இடத்திலேயே ஊற்ற வேண்டும். நற்கருணைப் பேழைக்கு அருகிலுள்ள விளக்கு அணையலாகாது. பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையிலான சடங்குகளில் எப்பொருள் எவ்வேளை தேவை என்பதைப் புதிதாக வந்த குருவுக்கு நினைவூட்டுபவரும் பெரும்பாலும் அவரே. குருமார் இடமாற்றம் பெற்றுச் செல்வர், அவர் இருப்பார். ஒரு பங்கின் நடைமுறை நினைவு அவரிடமே தங்குகின்றது.

திருச்சபை இப்பணியின் பழைமையை அறியாததன்று. 251ஆம் ஆண்டளவிற் பாப்பரசர் கொர்னேலியு எழுதிய கடிதமொன்று உரோமைத் திருச்சபையின் பணியாளரைக் கணக்கிடும்போது வாயிற்காப்போரையும் சேர்த்துக் கூறுகின்றது. பிற்காலத்தில் வாயிற்காப்போர் என்பது குருத்துவத்தை நோக்கிச் செல்லும் சிறு பட்டங்களுள் முதலாவதாயிற்று. அதனைப் பெறுபவர் திறப்புக்களைத் தொட்டு, கதவைத் திறந்து மூடி, மணியை அடிப்பது சடங்கு. பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1893இற் கண்டியில் நிறுவிய பாப்பரசர் குருத்துவக் கல்லூரி, 1955இற் பூனாவுக்கு மாற்றப்படும்வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் குருமாரைப் பயிற்றியது. அதன்பின் அம்பிட்டியாவில் இலங்கைத் தேசிய குருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. அக்காலத் திருச்சபை முறைப்படி குருத்துவத்தை நோக்கிச் சென்ற ஒவ்வொருவரும் இப்பட்டத்தைக் கடந்தே சென்றனர். ஒருமுறை மணியடித்தவருக்குப் பட்டம் கிடைத்தது. நாள்தோறும் அடித்தவருக்கு அது கிடைக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின், 1972இற் பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் இச்சிறு பட்டங்களை நீக்கி, வாசகர், பீடத்துணைவர் ஆகிய இரண்டையும் பொதுநிலையினருக்கும் உரிய பணிகளாக்கினார். பெயரளவில் இருந்த வாயிற்காப்போர் மறைந்தார். உண்மையில் வாயிலைக் காத்தவர் எஞ்சினார். உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை, இதர வழிபாட்டுப் பணிகளைக் கூறுமிடத்துத் திருப்பண்டங்களை ஆயத்தம் செய்பவரை முதலிற் குறிப்பிடுகின்றது. 2021இல் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. உபதேசியார் பணி நிலையான திருப்பணியாக நிறுவப்பட்டது. இவ்வரிசையிற் கோயிற்பிள்ளைக்கு மட்டும் இன்னும் நியமனச் சடங்கென ஒன்று அமையவில்லை. அவர் பணியாற்றுகின்றார் என்பது ஏற்கப்படுகின்றது. அவர் ஒரு பணி நிலையில் இருக்கின்றார் என்பது ஏற்கப்படவில்லை.

மறுதலைத் தவறு

இவ்வாறு கூறுவதனாற் கோயிற்பிள்ளையை ஒரு புதிய காவிய நாயகனாக்குதல் நோக்கமன்று. குருவை நாயகராக்கிய அதே வடிவத்திற் கோயிற்பிள்ளையை அமர்த்துவது ஒரு மறதிக்குப் பதிலாக வேறொன்றை வைப்பதாகும். மூப்பரும் அண்ணாவியாரும் ஊரின் அதிகார ஒழுங்குக்குப் புறம்பானவர்கள் அல்லர். திறப்பு வைத்திருத்தல் காவலும் ஆகும், கட்டுப்பாடும் ஆகும். யாருக்கு முன்வரிசை, யாருடைய சவத்திற்கு எத்தனை மணி என்பன பற்றிய பூசல்களைக் கோயிற் பணியின் வரலாற்றிலிருந்து நீக்குதல் இயலாது. பீடத்துணிகளைத் துவைத்தும் மலர்களைக் கட்டியும் தரையைக் கூட்டியும் வந்த பெண்கள் அப்பணியின் பெரும்பகுதியைச் செய்தபோதும், அப்பெயரால் அழைக்கப்பட்டது அரிது என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

மலையகத் தோட்டங்களில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளருட் கத்தோலிக்கரும் இருந்தனர். 1886இல் மறைமாவட்டமாக உயர்ந்த கண்டியின் இன்றைய எல்லைக்குள் கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களும் அடங்கும். மலைச்சரிவுகளிற் சிதறிக் கிடந்த சிற்றாலயங்கள் அனைத்திலும் குரு நாள்தோறும் இருத்தல் இயலாது. அவர் வராத நாட்களிற் செபமாலை சொல்லவும், மரித்தோரை அடக்கம் செய்யும்போது செபிக்கவும் ஒரு தொழிலாளியே முன்வர வேண்டியிருந்தது. பகல் முழுதும் கொழுந்தெடுத்தோ கவ்வாத்து வெட்டியோ களைத்த ஒருவர் மாலையிற் கோயிலைத் திறப்பதைத் தொண்டு எனப் போற்றுவது எளிது. அவருடைய நேரத்திற்கு விலை இல்லை என்பதனாலேயே அது தொண்டாகின்றதா என வினவுவது கடினம்.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்கவும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேரைச் சரிபாதியாகப் பகிர்தற்கு 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. அரச ஆவணங்கள் இவர்களை எண்ணிக்கைகளாகவே கண்டன. ஒரு குடும்பம் கப்பலேறியபோது அதனோடு எந்தக் கோயிலின் எந்த நினைவு சென்றது என்பதை எந்தப் பதிவேடும் கேட்கவில்லை. குருவின் இடமாற்றம் பங்குக் குறிப்பேட்டில் எழுதப்படும்; கோயிற்பிள்ளையின் இடப்பெயர்வு எழுதப்படுவதில்லை. திருச்சபையின் பதிவேடும் அரசின் பதிவேடும் இவ்விடத்தில் ஒன்றையொன்று ஒத்துள்ளன.

முடிவாக நோக்குமிடத்து, கோயிற்பிள்ளையை வரலாற்றிற் சேர்ப்பது நன்றி பாராட்டும் செயல் மட்டுமன்று. அது வரலாற்றின் கால அளவையையே மாற்றுவதாகும். 1692, 1711, 1886, 1893 என்னும் ஆண்டுகள் வருகைகளையும் மறைவுகளையும் நிறுவனங்களையும் குறிக்கின்றன. அவற்றிற்கிடையே நிகழ்ந்தது தொடர்ச்சி. தொடர்ச்சிக்கு ஆண்டு குறிக்கப்படுவதில்லை; ஆனால் அதற்கு ஆட்கள் உண்டு. அவர்களை அறிவதற்கான மூலங்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகளின் இறுதிக் குறிப்புக்கள், பங்குக் கணக்குப் புத்தகங்களில் எண்ணெய்க்கும் திரிக்கும் எழுதப்பட்ட செலவுகள், திருமுழுக்குப் பதிவேடுகளில் மீண்டும் மீண்டும் சாட்சியாக வரும் பெயர்கள், முதியோரின் வாய்மொழி ஆகியன ஆராய்வாரை எதிர்பார்த்துக் கிடக்கின்றன. கண்டியையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் அண்மையிற் கொண்ட பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவருக்கு இது எட்டாத பணியன்று. கூத்து அண்ணாவியாரை ஏட்டோடு சேர்த்துக் கண்ட ஆராய்ச்சி மரபு, கோயில் அண்ணாவியாரையும் அவ்வாறே காணத் தகும். முதியோரின் நினைவில் உள்ளவை அவர்களோடு மறையுமுன் அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.